டிரைவருக்குத் தனிக்குடித்தனம்

எம்பெடட் லினக்ஸில் டிரைவர் எழுதிப் பிழைப்பவன் நான். கர்னலுக்குள் ஓடும் டிரைவரில் ஒரு பாயின்டர் தப்பினால் போதும், மொத்த சிஸ்டமும் படுத்துவிடும். 2001-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் லினக்ஸ் கர்னலை அலசினார்கள். டிரைவர்களில் பிழை விகிதம் மற்ற பகுதிகளைவிட மூன்று முதல் ஏழு மடங்கு வரை அதிகம் என்று தெரிந்தது.

டிரைவரைக் கர்னலுக்கு வெளியே, தனி புராசஸாகத் தனிக்குடித்தனம் அனுப்பும் யோசனை அதற்கும் முந்தியது. 1980களிலேயே க்யூஎன்எக்ஸ் இயங்குதளம் அப்படித்தான் ஓடியது. 1992-இல் மினிக்ஸை எழுதிய டானன்பாமும் லினக்ஸை எழுதிய டோர்வால்ட்ஸும், டிரைவர்களை வெளியே வைக்கும் மைக்ரோகர்னல் விஷயத்தில் மல்லுக்கட்டினார்கள். 2005-இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து டானன்பாம் குழு வெளியிட்ட மினிக்ஸ் 3, செத்துப்போன டிரைவரைத் தானே மறுபடி எழுப்பி ஓடவிட்டது.

லினக்ஸுக்கு இந்த வசதி 2007-இல், 2.6.23 பதிப்பில், யுஐஓ என்ற பெயரில் வந்தது. கர்னலில் ஒரு சின்னத் துண்டு, மீதி யூசர்ஸ்பேஸில். டிரைவர் விழுந்தால் கோர் டம்ப் கிடைக்கும்; ஜிடிபியில் போட்டு எந்த வரி என்று பார்த்துவிடலாம். யுஐஓ ஃபைலை ரீட் செய்தால் அதுவரை வந்த இன்டரப்ட் எண்ணிக்கை நான்கு பைட்டாக வரும். 41-க்கு அடுத்து 43 வந்தால் நடுவில் ஒன்றைக் கோட்டைவிட்டிருக்கிறோம்.

அந்தச் சின்னத் துண்டு எதற்கு? லெவல் இன்டரப்டை உடனே அடக்காவிட்டால் அது திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருக்கும். நம் புராசஸுக்கு முறையே வராது. ஒரு லட்சம் இன்டரப்டில் 99,900-க்கும் மேல் கேட்பாரற்றுப் போனால் கர்னல் அந்த லைனையே மூடிவிடும். அதே லைனில் யுஎஸ்பி கன்ட்ரோலர் இருந்தால் அதற்கும் சேர்த்து அடி விழும்.

யுஐஓ தீர்க்காத சங்கதி டிஎம்ஏ, அதாவது சாதனமே நேரடியாக மெமரியில் படிப்பதும் எழுதுவதும். நெட்வொர்க் கார்டுக்குத் தப்பான முகவரி கொடுத்தால், அது கர்னல் மெமரி மேலேயே எழுதிவிட்டுப் போகும். டிரைவர் வெளியே இருந்து என்ன பயன்? 2012-இல், 3.6 பதிப்பில் வந்த விஎஃப்ஐஓதான், சாதனங்கள் தொடும் மெமரி முகவரிகளைச் சரிபார்க்கும் ஐஓஎம்எம்யூ என்ற வன்பொருளைக் காவலுக்கு வைத்தது. அத்துமீறல் அங்கேயே தடைபடும். எந்தச் சாதனம், எந்த முகவரி என்று கர்னல் லாகில் பதிவாகும்.

டிஎம்ஏ செய்யும் சாதனத்தின் டிரைவரை வெளியே கொண்டுவரப் போகிறீர்களா? போர்டில் ஐஓஎம்எம்யூ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் தனிக்குடித்தனம் பெயரளவுக்குத்தான்.