இரண்டு ஜாக்கள்

டெல்லி ஜனக்புரி வீட்டுப் பெயர்ப்பலகைகளில் அஹூஜா, தனேஜா, ஜுனேஜா என்று பார்க்கலாம். 1947 பிரிவினையில் முல்தான் பக்கமிருந்து வந்த அரோரா குடும்பங்களில் வழங்கும் பெயர்கள் இவை. ஈற்று ‘ஜா’வுக்கு ‘வழிவந்தவர்’ என்று பொருள். முன்பாதி பெரும்பாலும் மூதாதை ஒருவரின் பெயர். இந்த ‘ஜா’ நமக்கும் பழகியதுதான்: வனஜா, ஜலஜா, பங்கஜம். சிந்திகளிடம் இதே வேலையை ‘ஆனி’ செய்கிறது: அத்வானி, கிருபளானி.

தனியே நிற்கும் ‘ஜா’ வேறு. தர்பங்கா, மதுபனி, நேபாளத் தராய் எனப் பரவிய மைதிலி பிராமணர் பெயர் அது. ‘உபாத்யாயர்’ தேய்ந்து ‘ஓஜா’; அதுவும் தேய்ந்து ‘ஜா’. இந்தியில் எழுத்தே வேறு. தமிழில் எழுதினால்தான் குழப்பம். ஜனகர் ஆண்டது இந்த ஜாக்களின் மிதிலை. அவர் பெயர் தாங்கிய பேட்டையில் உரிமை கொண்டாட இவர்களுக்கே முதலிடம்!

பக்கத்து வீட்டுத் தமிழரோ படிவத்தின் குடும்பப்பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரை எழுதிக்கொண்டிருக்கிறார்.