முதுசம் முதல் மரணசாதனம் வரை: எங்கட காணிகளை எழுதின கைகள்

எங்கட வீடுகளில காணியைப் பற்றி எவ்வளவும் கதைக்கலாம். சாவைப் பற்றியும் கதைக்கலாம்; செத்தவீடு, எட்டு, அந்தியேட்டி எண்டு அதுக்கு நிறைய இடம் இருக்கு. ஆனால் இரண்டையும் ஒரே வசனத்தில வைச்சுப் பாருங்கோ. "அம்மம்மாவுக்குப் பிறகு இந்த வளவு ஆருக்கு?" எண்டு கேட்ட பிள்ளைக்குக் கிடைக்கிறது பதில் இல்லை, ஏச்சுத்தான். மரணசாதனம் எழுதினால் ஆயுள் குறைஞ்சிடும் எண்டு ஒரு பயம். அது பணக்காரரின் அலுவல் எண்டு இன்னொரு நினைப்பு. கடைசியில் எல்லாரும் வந்து நிற்கிற இடம் ஒண்டுதான்: "எழுத என்ன இருக்கு, எங்கட வழக்கப்படி நடக்கும்."

இந்த "எங்கட வழக்கம்" எண்ட சொல்லைத்தான் நாங்கள் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் தோண்டிப் பார்க்கப் போகிறோம். அந்த வழக்கத்தை யார் எழுதினார்கள்? எழுதும்போது யாரைக் கேட்டார்கள்? யாரைக் கேட்கவில்லை?

1707: ஒரு திசாவையும் 12 முதலியார்மாரும்

யாழ்ப்பாணத்தின் வழமைச் சட்டமான தேசவழமை முதன்முதலில் முழுதாகத் தொகுக்கப்பட்டது ஒல்லாந்தர் காலத்தில். 1706 இல் ஆளுநர் கொர்னேலிஸ் ஜோன் சிமொன்ஸ் உத்தரவிட்டார். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் இருந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து 1707 ஜனவரியில் கையளித்தார். அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு 12 முதலியார்மாரிடம் கொடுக்கப்பட்டது. அவர்கள் வாசித்துப் பார்த்து, சரி எண்டு ஒப்புதல் தந்தார்கள். பிறகு ஆங்கிலேயர் வந்து, 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தார்கள்.

அந்தத் தொகுப்பு சொத்தை மூன்றாகப் பிரிக்குது. பரம்பரையாய் வருவது முதுசம். பெண்ணுக்குக் கலியாணத்தில் கொடுப்பது சீதனம். கலியாணத்துக்குப் பிறகு சம்பாதிப்பது தேடிய தேட்டம். தகப்பனின் முதுசம் ஆண்பிள்ளைகளுக்கு, தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கு என்பது பழைய ஒழுங்கு. "பழைய" எண்டு நாங்கள் சும்மா சொல்லவில்லை. ஆட்சிகள் மாறியதாலே, குறிப்பாகப் போர்த்துக்கேயர் காலத்தில, இந்த வழக்கங்கள் படிப்படியாக மாறிவிட்டன எண்டு அந்தத் தொகுப்பே தொடக்கத்தில் ஒத்துக்கொள்ளுது. அதாவது 1707 இலேயே வழக்கம் மாறிக்கொண்டிருந்த ஒன்று. எழுத்தில் விழுந்ததும் அது உறைஞ்சு போச்சு.

கேட்கப்பட்ட 12 பேரும் முதலியார்மார். ஆண்கள், அரச பதவி வகித்தவர்கள், காணி உள்ளவர்கள். சீதனத்தைப் பற்றிப் பந்தி பந்தியாக எழுதப்பட்டது. சீதனத்தோடு போன பெண்ணின் ஒப்புதல் கேட்கப்படவில்லை. அதே தொகுப்பில் அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி இருக்கு, சாதிப் பெயர்களைச் சொல்லியே. காணியைப் போல மனிதரும் கைமாறக்கூடிய, பிள்ளைகளுக்குப் பங்கிடக்கூடிய சொத்தாக இருந்தார்கள். அவர்களிடமும் ஒருவரும் கேட்கவில்லை. "எங்கட வழக்கம்" எண்டு சொல்லும்போது இந்த "எங்கட" எவ்வளவு சின்னது எண்டதை நாங்கள் மறக்கக் கூடாது.

1844: பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள்

இலங்கைச் சட்டப் புத்தகத்தில் 1844 ஐத் திறந்தால் ஒரு விசயம் கண்ணில் படும். அந்த ஆண்டின் 20 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இலங்கையில் அடிமை முறையை முற்றாக ஒழித்தது. அதற்கு அடுத்த 21 ஆம் இலக்கம் மரணசாதனங்கள் பற்றியது.

ஒரு சட்டம், மனிதரைப் பிள்ளைகளுக்கு எழுதி வைக்க முடியாது எண்டது. அடுத்த சட்டம், மற்றச் சொத்தை விரும்பினவருக்கு எழுதி வைக்கலாம் எண்டது. இரண்டும் திட்டம் போட்டுச் சோடியாகக் கொண்டுவரப்பட்டவை எண்டு நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் பக்கத்தில் வைத்து வாசிக்கும்போது, "சொத்து" எண்ட சொல்லின் அர்த்தம் ஒரே ஆண்டில் இரண்டு பக்கத்தாலும் மாறினது தெளிவாகத் தெரியும்.

21 ஆம் இலக்கச் சட்டம் கொடுத்த சுதந்திரம் பெரியது. எழுதுகிறவர் தன் பிள்ளையையோ பெற்றோரையோ உறவினரையோ காரணம் சொல்லாமலே விலக்கி வைக்கலாம். இதற்கு எதிரான எந்த வழக்கமும் தடையில்லை எண்டும் அந்தச் சட்டம் சொல்லுது. தேசவழமையில் பிறந்தவருக்கும் இது பொருந்தும். அதாவது வழக்கம் உங்கட சொத்தை இன்னாருக்கு எண்டு வைத்திருந்தாலும், ஒரு சரியான கடதாசி அதை மாற்றும்.

"சரியான" எண்டதற்கு வரைவிலக்கணம் நாலு ஆண்டுக்கு முதலே வந்துவிட்டது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி மரணசாதனம் எழுத்தில் இருக்க வேணும். நொத்தாரிசும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் முன்னால் இருக்க ஒப்பமிட வேணும். நொத்தாரிசு இல்லையெண்டால் ஐந்து சாட்சிகள் ஒரே நேரத்தில் இருக்க வேணும். இன்றைக்கும் இதுதான் சட்டம். இன்னொன்று, எழுதினவர் பிறகு கலியாணம் கட்டினால் முந்தின மரணசாதனம் செல்லாது. எங்கட வயதுக்காரர் கட்டாயம் தெரிஞ்சு வைத்திருக்க வேண்டிய விசயம் இது.

1876: மட்டக்களப்பில் அழிந்த சட்டம்

யாழ்ப்பாணக் கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது அரைக் கதை. மட்டக்களப்பில் முக்குவர் சட்டம் எண்டு இன்னொரு வழமை இருந்தது. அங்கே மரபுரிமை தாய்வழியாக ஓடினது. ஒரு ஆணின் முதுசம் அவனுடைய பிள்ளைகளுக்கு இல்லை, சகோதரியின் பிள்ளைகளுக்கு.

1876 இல் கிறிஸ்தோபர் பிரிட்டோ இந்தச் சட்டத்தை ஒரு நூலாகக் கொழும்பில் வெளியிட்டார். அதே 1876 இல் வந்த 15 ஆம் இலக்கத் திருமண உரிமைகள் மற்றும் மரபுரிமைக் கட்டளைச் சட்டம் தேசவழமைக்கு விலக்குக் கொடுத்தது. கண்டியருக்கும் முஸ்லிம்களுக்கும் கொடுத்தது. முக்குவர் சட்டத்துக்குக் கொடுக்கவில்லை. நூலாக வந்த ஆண்டிலேயே அது சட்டம் எண்ட நிலையை இழந்தது. கிழக்கில் வீடும் வளவும் மகளுக்கு எண்ட நடைமுறை இன்றைக்கும் இருக்கு. ஆனால் அது குடும்பங்கள் தாமாகக் காப்பாற்றி வருவது. அங்கே உறுதி எழுதாமல் "வழக்கப்படி நடக்கும்" எண்டு இருந்தால் நீதிமன்றம் பார்க்கப்போவது பொதுச்சட்டத்தைத்தான், அந்த வழக்கத்தை இல்லை.

1911: விற்க ஏலாது, எழுதி வைக்கலாம்

இனித் திரும்பவும் யாழ்ப்பாணம். 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் மரபுரிமைக் கட்டளைச் சட்டம் தேசவழமையின் பெரும்பகுதியைத் திருத்தி எழுதினது. 1947 இல் அது மறுபடி திருத்தப்பட்டது. இதன் 6 ஆம் பிரிவை நாங்கள் எங்களுக்குள்ள பல தடவை வாசித்து வாதம் பண்ணினோம்.

அந்தப் பிரிவின்படி கலியாணமான பெண்ணுக்குச் சொந்தமாகக் காணி இருக்கலாம். ஆனால் உயிரோடு இருக்கும்போது அதை விற்கவோ நன்கொடையாக எழுதவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேணும். அதே காணியை மரணசாதனத்தில் யாருக்கும் எழுதி வைக்க அவளுக்கு ஒருவரின் சம்மதமும் தேவையில்லை.

கொஞ்சம் நின்று யோசியுங்கோ. தன்னுடைய சீதனக் காணியில் ஒரு பெண்ணின் சொல் தனியாகச் செல்லுபடியாகிறது அவள் செத்த பிறகுதான். நாட்டின் பொதுச்சட்டத்துக்குக் கீழே வந்த பெண்களுக்கு 1923 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தோடு இந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. தேசவழமைக்குக் கீழே உள்ள பெண்களுக்குப் போகவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கு. மரணசாதனம் இல்லாமல் ஒருவர் இறந்தால், அவருக்குச் சொந்தமான தேடிய தேட்டத்தில் பாதி துணைக்கும் மற்றப் பாதி வாரிசுகளுக்கும் போகும். முதுசம் பிள்ளைகளுக்குப் போகும். கணவனின் முதுச வளவில் நாற்பது வருசம் அடுப்பெரித்த மனைவிக்கு அந்த வளவில் பங்கில்லை. அவளுக்கும் ஏதாவது இருக்க வேணும் எண்டால் அவன் எழுத வேணும். "வழக்கப்படி நடக்கும்" எண்டு சொல்லி எழுதாமல் போகிற ஒவ்வொரு ஆணும், தெரிஞ்சோ தெரியாமலோ, இந்த முடிவைத்தான் எடுக்கிறான்.

நொத்தாரிசின் மேசையில்

அப்படியெண்டால் எங்கட சனம் எழுதவே இல்லையா? எழுதினது, ஆனால் வேறு வடிவத்தில. மரணசாதனத்துக்குப் பதிலாக நன்கொடை உறுதி எழுதி, சாகும்வரை இருந்து அனுபவிக்கிற சீவிய உரித்தைத் தங்களுக்கு வைத்துக்கொள்ளுறது இங்கே பரவலான முறை. அதுக்கு நியாயம் இருக்கு. மரணசாதனம் எண்டால் இறந்த பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு வைத்து நிரூபிக்க வேணும். நன்கொடை உறுதி அந்த அலைச்சலைக் குறைக்கும். ஆனால் கொடுத்ததைப் பிறகு மாற்றுவது கஷ்டம். மரணசாதனத்தையோ உயிரோடிருக்கும்வரை எத்தனை தரமும் மாற்றலாம்.

ஒல்லாந்தச் சட்டம் விட்டுப்போன இன்னொரு முறையும் இருந்தது. "நீ அனுபவி, விற்காதே, உனக்குப் பிறகு உன் பிள்ளைகளுக்கு" எண்டு உறுதியிலேயே தலைமுறைகளைக் கட்டிப்போடுவது. காணி சிதறாமல் இருக்கட்டும் எண்ட நினைப்பு. நடந்ததோ, பேரப்பிள்ளைகள் விற்கவும் ஏலாமல் பிரிக்கவும் ஏலாமல் வழக்காடியது. 1972 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் இதை ஒழித்தது. கோயில், மடம், பள்ளிக்கூடம் போன்றவற்றுக்கு எழுதுகிற தர்மசாதனங்கள் மட்டும் வேறு வழியில் தொடர்கின்றன. அவற்றை ஆளுவது 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம்.

இவ்வளவு பாதைகளுக்கு நடுவில் வழி தெரிய ஒரு ஆள் வேணும். அப்புக்காத்து, பிறக்கிறாசி எண்டு பிரிந்திருந்த தொழில் 1970களில் ஒன்றாகி "சட்டத்தரணி" ஆனது. நொத்தாரிசு எண்ட ஒல்லாந்தச் சொல் மட்டும் அப்படியே நிற்குது. அவரிடம் போகும்போது பழைய உறுதிகள், பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள் எல்லாத்தையும் கொண்டு போங்கோ. "எங்களுக்குத் தேசவழமை பொருந்துமா?" எண்டதை முதல் கேள்வியாகக் கேளுங்கோ. தேசவழமைக்கு வெளியே உள்ள பெண், அதுக்குள்ளே இருக்கிற ஒருவரைக் கட்டினால், அந்தக் கலியாணம் இருக்கும்வரை அவளுக்கும் அது பொருந்தும் எண்டது பலருக்குத் தெரியாது.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் காணி

மரபுரிமைச் சட்டம் முழுக்க ஒரு விசயத்தில் தங்கி நிற்குது: இறப்பு நிச்சயமாகத் தெரிய வேணும். போர் அந்த நிச்சயத்தை எங்களிடமிருந்து எடுத்துவிட்டது. கணவன் எங்கே எண்டு தெரியாத பெண்ணுக்கு, தன் சொந்தக் காணியை விற்க அவனுடைய ஒப்பம் வேணும். அல்லது மாவட்ட நீதிமன்றத்தில் அந்தச் சம்மதத்துக்கு விண்ணப்பிக்க வேணும். 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கு. ஆனால் அங்கே போகக் காசும் காலமும் தெம்பும் வேணும். அவன் பெயரில் உள்ள காணி எண்டால் மரணச் சான்றிதழ் கேட்பினம். அதை வாங்குறது அவன் செத்துப்போனான் எண்டு தானே ஒப்பமிடுறது மாதிரி எண்டு எத்தனையோ தாய்மாரும் மனைவிமாரும் மறுத்தார்கள். 2016 இல் வந்த திருத்தச் சட்டம், ஆள் காணாமற்போயிருக்கிறார் எண்டு சொல்லும் ஒரு சான்றிதழுக்கு வழி செய்தது. அது சில அலுவல்களுக்கு உதவும். அவர்கள் வீதியில் இருந்து கேட்கிற கேள்விக்கு அது பதில் இல்லை.

1707 இல் 12 பேரிடம் கேட்டு எழுதின ஒன்றை நாங்கள் இன்னும் "எங்கட வழக்கம்" எண்டு சொல்லுறோம். 6 ஆம் பிரிவு மாற வேணும் எண்டது எங்கட நிலைப்பாடு. அது பாராளுமன்றத்தின் வேலை, அதற்காகக் குரல் கொடுக்கிறது எங்கட வேலை. அது மாறும்வரை, இருக்கிற கதவையாவது திறக்கலாம். அம்மாவின் பெயரில் என்ன காணி இருக்கு, அது யாருக்குப் போக வேணும் எண்டு அம்மா நினைக்கிறா எண்டதை, அவ நல்ல சுகத்தோட இருக்கும்போதே, அவவிட்டயே கேளுங்கோ. 300 வருசத்துக்கு முதல் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை.