காஞ்சி மழையும் கிரீன்லாந்துப் பனியும்

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் செல்லும் நெடுஞ்சாலையில், பாலுச்செட்டிச் சத்திரத்தை அடுத்துத் திருப்புட்குழி என்னும் ஊர் இருக்கிறது. ‘புள்’ என்றால் பறவை. இராவணனோடு போரிட்டு மாண்ட ஜடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் செய்த இடம் இது என்பது தலபுராணச் செய்தி. விஜயராகவப் பெருமாள் கோயில் குளத்துக்கும் ஜடாயு தீர்த்தம் என்றே பெயர்.

அந்தக் குளக்கரையில் நின்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். இந்த நீர் எங்கிருந்து வந்தது? மழையிலிருந்து. மழை? பருவக்காற்றிலிருந்து. பருவக்காற்று? கடலிலிருந்து. இதுவரை பள்ளி மாணவரும் தயங்காமல் விடை கூறிவிடுவர். அடுத்த கேள்விதான் கடினமானது. பருவக்காற்று என்றும் இன்றுபோலவே வீசியதா? மாறியது என்றால் மெல்ல மெல்ல மாறியதா, திடீரென்று மாறியதா?

இதற்கு விடை கண்ட வரலாறு நமது நாட்டில் தொடங்கவில்லை. அட்லாண்டிக் கடலில், ஒரு கப்பலின் வாளியில் தொடங்குகிறது.

கப்பல் தலைவரின் வாளி

1751ஆம் ஆண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றிச் செல்லும் ஆங்கிலக் கப்பல் ஒன்றின் தலைவர் ஹென்றி எல்லிஸ். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற அறிஞர் வடிவமைத்த, கதவுகள் பொருத்திய வாளி ஒன்று அவரிடம் இருந்தது. வெயில் கொளுத்தும் வெப்பக் கடலில் அதை ஏறக்குறைய ஒரு மைல் ஆழம் வரை இறக்கி நீர் எடுத்தார். மேலே கடல் நீர் சுமார் 29 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் இருந்தது. அடியிலிருந்து வந்த நீரோ சுமார் 12 டிகிரிதான்! எல்லிஸ் மகிழ்ந்தார், குளிப்பதற்கும் மதுவைக் குளிர்விப்பதற்கும் அந்த நீரைப் பயன்படுத்திக்கொண்டார். காரணத்தை அவர் ஆராயவில்லை.

ரம்ஃபோர்டு பிரபு 1797இல் காரணத்தை விளக்கினார். வெயில் காயும் கடலின் அடியில் குளிர்ந்த நீர் தானாக உண்டாக முடியாது. துருவப் பகுதியில் குளிர்ந்து கனத்த நீர் மூழ்கி, கடலடி வழியாக இங்கே வந்திருக்க வேண்டும். அப்படியானால் அதற்கு ஈடாக மேற்பரப்பில் வெப்ப நீர் துருவம் நோக்கிச் செல்லவும் வேண்டும்.

அவர் கூறியது சரியே. அட்லாண்டிக்கின் வெப்ப நீர் வடக்கே செல்கிறது. வழியில் ஆவியாவதால் உப்பு மிகுகிறது. கிரீன்லாந்து, நார்வே அருகே குளிர்ந்து, கனத்து, மூழ்கித் தெற்கே திரும்புகிறது. உலகின் ஆறுகள் அனைத்தையும் ஒன்று சேர்த்தாலும் இந்த ஓட்டம் அவற்றைப்போல் பத்து மடங்குக்கு மேல்!

வண்டி குடை சாய்வது எப்போது?

நல்ல நீரில் மூழ்கும் கோழிமுட்டை, உப்பு கரைத்த நீரில் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு நீர் கனமானது என்பதே காரணம். சரி, வட கடலில் ஏராளமான பனி உருகி நன்னீர் கலந்தால் என்ன ஆகும்? உப்பு நீர்த்துப்போகும். நீர் எவ்வளவு குளிர்ந்தாலும் எளிதில் மூழ்காது. மூழ்காவிட்டால் ஓட்டம் தளரும், நின்றும் போகலாம்.

அமெரிக்க விஞ்ஞானி ஹென்றி ஸ்டொம்மெல் 1961இல் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார். ஓட்டத்துக்கு இரண்டு நிலையான நிலைகள் உண்டு என்றும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அது தாவக்கூடும் என்றும் காட்டினார். மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பின்பாரம் ஒவ்வொரு மூட்டையாக ஏறும்போது வண்டி அசையாமல்தான் நிற்கும். கடைசி மூட்டை ஒன்று ஏறியதும் நுகத்தடி மேலே தூக்கிக்கொள்ளும். பிறகு அந்த ஒரு மூட்டையை இறக்கினால் மட்டும் வண்டி பழைய நிலைக்கு வந்துவிடாது.

இது வெறும் கணக்கா, உண்மையில் நடந்ததா?

பனிக்கட்டி சொன்ன சாட்சி

கிரீன்லாந்தில் ஆண்டுதோறும் விழும் பனி அடுக்கடுக்காகப் படிந்து இறுகியிருக்கிறது. அதைத் துளையிட்டு எடுத்த நீண்ட பனித்தண்டுகளை டென்மார்க்கின் வில்லி டான்ஸ்கார்டும் சுவிட்சர்லாந்தின் ஹான்ஸ் ஓஷ்கரும் ஆராய்ந்தனர். ஆக்சிஜனில் எடை குறைந்த வகையும் எடை கூடிய வகையும் உண்டு. குளிர் மிகுந்த காலத்துப் பனியில் எடை கூடிய வகை குறைந்திருக்கும். ஆகவே ஒவ்வோர் அடுக்கும் தன் காலத்து வெப்பநிலையைக் காட்டிவிடுகிறது.

1992இலும் 1993இலும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள இரண்டு தண்டுகள் முழுமையாக எடுக்கப்பட்டன. கடந்த பனியூழியில் கிரீன்லாந்தின் வெப்பம் இருபது முறைக்கு மேல் சில பத்தாண்டுகளுக்குள் பல டிகிரி உயர்ந்ததும், பின்னர் மீண்டும் தாழ்ந்ததும் அவற்றில் தெளிவாகத் தெரிந்தன. பனியூழி முடியும் தறுவாயில், சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன், குளிர் திடீரென்று திரும்பி வந்தது; ஏறத்தாழ 1,200 ஆண்டுகள் நீடித்தது; வந்ததுபோலவே விரைவாக நீங்கியது. வட அமெரிக்கப் பனிப்பாளங்கள் உருகிய நன்னீர் கடலில் கலந்து ஓட்டத்தைத் தளர்த்தியதே இதற்குக் காரணம் என்று 1980களில் வாலஸ் பிரோக்கர் வாதிட்டார். இன்று பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் இந்த விளக்கத்தையே ஏற்கின்றனர்.

அரபிக்கடலின் அடியில்

அதற்கும் நம் மழைக்கும் என்ன தொடர்பு? தென்மேற்குப் பருவக்காற்று ஓமன் கரையோரம் வீசும்போது மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப, அடியிலிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலே வருகிறது. அதில் குளோபிஜெரினா புல்லாய்டிஸ் என்னும் ஒற்றைச் செல் உயிர் பெருகுகிறது. அது இறந்ததும் மணலினும் சிறிய அதன் சுண்ணாம்பு ஓடு கடலடிச் சேற்றில் புதைகிறது. ஓடுகள் மிகுந்த அடுக்கு பலத்த பருவக்காற்றையும், குறைந்த அடுக்கு தளர்ந்த காற்றையும் காட்டும்.

ஓமன் அருகே துளையிட்டு எடுத்த சேற்றுத்தண்டில் இந்த ஓடுகளை எண்ணிப் பார்த்தார் கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் அனில் குப்தா. அவரும் இரு அமெரிக்க விஞ்ஞானிகளும் 2003இல் முடிவை வெளியிட்டனர். கடந்த சுமார் 11,000 ஆண்டுகளில் வட அட்லாண்டிக் குளிர்ந்த காலங்களிலெல்லாம் நம் தென்மேற்குப் பருவக்காற்று தளர்ந்திருந்தது! அதற்கு முன்பே, 1998இல், ஹார்ட்மூட் ஷூல்ஸ் முதலிய ஜெர்மன் விஞ்ஞானிகள் பாகிஸ்தான் அருகே எடுத்த சேற்றில் 1,10,000 ஆண்டுகளின் ஏற்றத்தாழ்வுகளைக் கண்டிருந்தனர். கிரீன்லாந்து வெப்பமடைந்தபோது கருஞ்சேறு, குளிர்ந்தபோது வெளிறிய சேறு என அவை பனித்தண்டோடு பொருந்தின. வட கடல் குளிரும்போது வெப்ப மண்டலத்தின் மழைப்பட்டை தெற்கே நகர்வதே இதற்குக் காரணம்.

நம் தமிழகத்திலும் சாட்சி உண்டு. நீலகிரியின் சதுப்புகளில் மக்கிக் கிடக்கும் தாவரப் படிவை ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் முதலியோர் ஆராய்ந்து 1993இல் முடிவுகளை வெளியிட்டனர். வறட்சியைத் தாங்கும் புல்வகையின் கார்பனும் ஈரத்தை விரும்பும் தாவரங்களின் கார்பனும் வேறுபட்டவை. அதைக்கொண்டு, பனியூழியின் உச்சத்தில் நீலகிரி வறண்டிருந்ததையும், பின்னர் ஈரம் பெருகியதையும், மீண்டும் வறட்சி வந்ததையும் கண்டனர்.

நமக்கு என்ன?

காஞ்சி வட்டாரத்துக்கு வடகிழக்குப் பருவமழையே பெரும்பங்கு தருகிறது. ஆயினும் தென்மேற்குப் பருவமழையின் பங்கும் சிறிதன்று. கர்நாடகத்தில் பிறந்து வரும் பாலாற்றுக்கும் அது வேண்டும். மழை மிஞ்சினால் குழித்தறியில் நீர் ஊறி நெசவு நின்றுவிடுகிறது. பொய்த்தால் கழனி காய்கிறது.

சென்னையை அடுத்த பல்லாவரத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். அத்தகைய கருவிகளைக் கையாண்ட மாந்தர், மழை மாறினால் வேட்டையைத் தொடர்ந்து வேறிடம் செல்ல முடிந்தது. நம்மால் முடியுமா? ஏரியையும் கழனியையும் தறியையும் தூக்கிக்கொண்டு போக இயலாது. மழை ஏறக்குறைய பழையபடியே பெய்யும் என்று நம்பி எழுந்தவை நம் ஊர்கள்.

2004 முதல் அட்லாண்டிக்கின் குறுக்கே கருவிகளை நிறுவி ஓட்டத்தை இடைவிடாமல் அளந்து வருகிறார்கள். இந்த நூற்றாண்டில் அது தளர்வது பெரும்பாலும் உறுதி என்றும், 2100க்கு முன் திடீரென்று நின்றுவிடாது என்று ஓரளவே உறுதியாகக் கூற முடியும் என்றும் பன்னாட்டுக் காலநிலை அறிஞர் குழு 2021இல் தெரிவித்தது. அந்த ‘ஓரளவு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இன்று கிரீன்லாந்துப் பனியை உருக்கிக் கடலில் நன்னீரைச் சேர்ப்பது நாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும்தான். பின்பாரம் ஏறிக்கொண்டிருக்கிறது, எந்த மூட்டை கடைசி மூட்டை என்பது யாருக்கும் தெரியாது.

அடுத்த முறை ஜடாயு தீர்த்தத்தின் படியில் அமரும்போது, அந்த நீரைச் சற்று உற்றுப் பாருங்கள். அது வந்த வழி நீங்கள் எண்ணியதைவிட நெடியது.