வெடிபஞ்சில் பிறந்த கார் கூரை

பழைய கார் விற்கிறவர் செய்யும் முதல் சத்தியம், "என்ஜின் கம்பெனி என்ஜின், அண்ணாச்சி. யாரும் கை வைக்கலை." வண்டியின் தலையில் கறுப்புத் தோல் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தால் அடுத்த சத்தியமும் தயாராக இருக்கும்: "டாப்பும் கம்பெனி டாப்புதான்." என்ஜின் விஷயத்தை, அழுக்கைத் துடைத்து எண்ணைப் பார்த்து முடித்துவிடலாம். தோல் மாதிரி ஒட்டிய அந்த வினைல் கூரையை மேலோட்டமாகப் பார்த்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அது எதற்காகப் பிறந்தது, தொழிற்சாலையில் எந்தக் கட்டத்தில் வண்டிமேல் ஏறியது என்பது தெரிந்தால்தான் எங்கே தேடுவது என்பதே தெரியும்.

பிறப்பு வெடிமருந்தில் தொடங்குகிறது. ஏழாயிரம்பண்ணையை வைத்து இந்தக் கதையைச் சொல்வது அதனால்தான். வெம்பக்கோட்டை வட்டத்தில், தீப்பெட்டியும் பட்டாசும் சோறு போடும் ஊர். சுற்றிலும் கரிசல், பருத்திக்கும் ஆமணக்குக்கும் பழகிய மண். இந்த இரண்டு பயிருமே கதைக்குள் வருகின்றன.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து வேதியியல் பேராசிரியர் ஷான்பைன் 1846ல் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார். நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்ந்த கலவையில் பஞ்சை நனைத்து, நன்றாக அலசி உலர்த்தினால், பார்க்க அது பஞ்சாகவே இருக்கும். தீப்பொறி பட்டால் புகையே இல்லாமல் எரிந்து போய்விடும். அடைத்து வைத்துத் தீ வைத்தால் கரிமருந்தைவிடப் பல மடங்கு உக்கிரமாக வெடிக்கும். ராணுவங்களுக்கு நாக்கில் நீர் ஊறியது. அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் ஃபேவர்ஷாமில் இதைச் செய்த ஆலை வெடித்துத் தொழிலாளர்கள் செத்தார்கள். வெடிபஞ்சு செய்வதைப் பல நாடுகள் கொஞ்ச காலம் மூட்டை கட்டி வைத்தன.

ஆனால் அதற்கு ஒரு சாதுவான தம்பி உண்டு. அமில வேலையைச் சற்றுக் குறைத்துச் செய்த பஞ்சு ஈதரும் ஆல்கஹாலும் கலந்த திரவத்தில் கரைந்து கூழாகிறது. கூழ் காய்ந்தால் மெல்லிய ஏடு. அந்த ஏடு மடக்கினால் ஒடியும், விளக்கெண்ணெய் சேர்த்தால் வளையும். அதில் நிறப்பொடி கலந்து, பருத்தித் துணியின்மேல் பூச்சுக்குமேல் பூச்சாக ஏற்றி, தோலின் ரேகை வெட்டிய உருளையில் கொடுத்து அழுத்தினால் கண்ணை ஏமாற்றும் தோல் கிடைக்கும். பருத்தித் துணி, பருத்தியில் செய்த மருந்து, ஆமணக்கு எண்ணெய். மாடு எங்கேயும் வரவில்லை.

இதைப் பெரிய வியாபாரமாக்கியவர்கள் யார் என்று பார்த்தால் கதை இன்னும் சுவைக்கிறது. அமெரிக்காவில் 1802 முதல் துப்பாக்கி மருந்து அரைத்துவந்த டுபான்ட் கம்பெனி, 1910ல் நியூயார்க் மாநிலத்து ஃபேப்ரிக்காய்டு என்ற போலித்தோல் கம்பெனியை விலைக்கு வாங்கியது. அரசாங்கமே தனக்கு வேண்டிய மருந்தைச் செய்துகொள்ளத் தொடங்கினால் தன் வெடிபஞ்சு ஆலைகள் சும்மா கிடக்குமே என்ற கவலை டுபான்டுக்கு. சண்டை இல்லாத காலத்திலும் ஓடக்கூடிய சரக்கு வேண்டும். பிரிட்டனில் இதே சரக்கு மான்செஸ்டர் பக்கத்து ஹைட் ஊரில் ரெக்ஸின் என்ற பெயரில் வந்தது, பின்னால் ஐ.சி.ஐ. குழுமத்துக்குள் போனது. 1926ல் அந்தக் குழுமமாக இணைந்த நான்கு கம்பெனிகளில் ஒன்று ஆல்ஃபிரட் நோபலின் வெடிமருந்துத் தொழிலிலிருந்து வந்த நோபல் இண்டஸ்ட்ரீஸ். பஸ் சீட்டிலும் பையிலும் நாம் தினமும் தொடுகிற ரெக்ஸினுக்கு இப்படியொரு பூர்வீகம்.

கார் கூரைக்கு இந்தத் துணி வந்தது அழகுக்காக அல்ல, வேறு வழியில்லாமல். 1920களில் நான்கு பக்கமும் மூடிய கார்கள் பெருகின. கதவும் பக்கமும் தகட்டில் அடித்துவிட்டார்கள். கூரை முழுவதையும் ஒரே துண்டாக அடிக்க அவ்வளவு அகலமான எஃகுத் தகடு உருட்டாலைகளில் வரவில்லை. அதனால் ஓரத்தில் தகடு, நடுவில் பெரிய ஓட்டை. ஓட்டையின் குறுக்கே மரச் சட்டங்கள், அதன்மேல் கோழிக்கூட்டுக் கம்பிவலை, அதன்மேல் பஞ்சுத் திண்டு, எல்லாவற்றுக்கும் மேலே பூச்சுத் துணி. ஓரத்தை ஆணியடித்து உலோகப் பட்டையால் மறைப்பார்கள். மழைக்கு ஒழுகும், வெயிலுக்கு வெடிக்கும், சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். விமானியான சார்ல்ஸ் வெய்மன் பாரிசில் இன்னும் ஒரு படி மேலே போய், மரச்சட்டத்தின்மேல் உடம்பு முழுக்கத் துணியே போர்த்திய கார்களைக் கட்டினார். ஆட்டத்தில் சட்டங்கள் ஒன்றோடொன்று உரசிக் கிறீச்சிடாமல் இருக்கவும் வழி செய்தார். அந்தக் கார்கள் கொஞ்ச காலம் சீமான்களின் மோகமாக இருந்தன.

அகலத் தகடு வந்ததும் எல்லாம் முடிந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1935ஆம் வருஷ மாடல்களில் ஒரே துண்டு எஃகுக் கூரையை 'டரெட் டாப்' என்று கொட்டடித்து விற்றது. மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். ஆகவே 1928ஆம் வருஷ வண்டி ஒன்று வழவழவென்ற முழுத்தகட்டுக் கூரையோடு நின்றால், சந்தேகப்பட வேண்டியது அந்தத் தகட்டைத்தான். யாரோ ஒரு டிங்கர் பின்னால் அடித்து மூடியிருக்கிறார். அந்தக் காலத்து வண்டிக்குத் துணிதான் ஒரிஜினல்.

தேவை போய் இருபது வருஷம் கழித்துத் துணி திரும்பி வந்தது, இந்த முறை வேஷமாக. கூரையை மடக்கித் திறக்கும் கார் வைத்திருப்பது அமெரிக்காவில் பெரிய அந்தஸ்து. திறக்காத கூரையின்மேல் துணி ஒட்டினால் தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்குத் திறக்கிற கார் மாதிரி தெரியும். 1956ஆம் வருஷ காடிலாக் எல்டொராடோ செவில் எஃகுக் கூரைக்கு வினைல் போர்த்தி வந்தது. 1962ல் ஃபோர்டு, தண்டர்பேர்டு லாண்டோவில் வினைலும் போட்டு, பக்கத்தில் எஸ் வடிவத்தில் வளைந்த குரோம் கம்பியும் வைத்தது. குதிரை வண்டியின் கூரையை மடக்க உதவிய கம்பியின் பொம்மை அது, எதையும் மடக்காது. பிறகு பத்துப் பதினைந்து வருஷம் டெட்ராய்ட்டில் வினைல் வெறி. பிளிமத் கம்பெனி 1969லும் 70லும் பூப்போட்ட வினைலைக்கூட விற்றது. கல்யாண மண்டபத்துத் திரைச்சீலையைக் காரின் தலையில் விரித்தது மாதிரி இருக்கும்.

இதற்குள் துணியின் ரத்தம் மாறிவிட்டது. 1926ல் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் கம்பெனியில் வால்டோ செமன், ரப்பரை இரும்போடு ஒட்ட வைக்கப் பசை தேடிக்கொண்டிருந்தார். யாருக்கும் உதவாது என்று கிடந்த பி.வி.சி.யைக் கொதிக்கும் எண்ணெய் வகைக் கரைப்பானில் போட்டார். பசை வரவில்லை, வளைகிற பிளாஸ்டிக் வந்தது. எளிதில் தீப்பிடிக்கும் வெடிபஞ்சுப் பூச்சைப் படிப்படியாக இது தள்ளிவிட்டது. வினைல் என்று நாம் சொல்வது இதைத்தான்.

பழைய பூச்சா, பி.வி.சி.யா என்று பிரித்தறிய வேதியியலாளர் பெய்ல்ஷ்டைன் 1872ல் சொன்ன சோதனை போதும். செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் துணியில் தொட்டு, மறுபடி தீயில் காட்டினால், பி.வி.சி.யாக இருந்தால் சுடர் பச்சையாகும். உள்ளே குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். வாணவேடிக்கைக்காரர்களுக்கு இந்தச் சங்கதி புதிதல்ல. பேரியம் பச்சையும் செம்பு நீலமும் பளிச்சென்று வர அவற்றோடு குளோரின் சேர வேண்டும், அதற்காகவே பி.வி.சி. தூளை மருந்தில் சேர்ப்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். காரின் கூரையும் வானத்துப் பூவும் ஒரே பொடியைத் தின்கின்றன. சோதனை செய்கிறவர்கள் நகம் அளவு துண்டை எடுத்து, திறந்த வெளியில் செய்யவேண்டும், புகை கெட்டது. பட்டாசு ஆலைப் பக்கம் செய்யவே கூடாது என்பதை ஏழாயிரம்பண்ணைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சோதனை துணி எது என்று சொல்லுமே தவிர, எங்கே ஏறியது என்று சொல்லாது. அதற்குத் துணியை விட்டுவிட்டுத் தகட்டைப் பார்க்க வேண்டும். துணி நிற்பது பத்துப் பதினைந்து வருஷம். ஐம்பது வருஷ வண்டியில் இப்போது இருப்பது இரண்டாவதோ மூன்றாவதோ துணியாகத்தான் பெரும்பாலும் இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி, இந்த வண்டி வினைலுக்கென்றே செய்யப்பட்டதா என்பது.

கம்பெனியில் துணி ஏறுவது பெயிண்டுக்குப் பிறகு. ஆனால் அதற்கான ஏற்பாடு பெயிண்டுக்கு முன்னாலேயே நடந்துவிடும். சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. துணியின் விளிம்பை மூடும் குரோம் பட்டை நிற்பதற்குத் தகட்டின்மேல் சிறு சிறு ஆணித் தலைகளை வெல்டு வைத்திருப்பார்கள். பெயிண்டு அந்த ஆணிகளின்மேலேயே படிந்திருக்கும். குஷன் கடையில் போட்ட டாப்பில் வெல்டு வைக்க வழியில்லை, சுற்றிலும் பெயிண்டு கருகிவிடும். டிரில் போட்டு ஸ்குரூவோ ரிவிட்டோ அடிப்பார்கள். ஓட்டையின் உள்விளிம்பில் பெயிண்டு இருக்காது, துரு இருக்கும். குரோம் பட்டையை ஒரு சாண் தூக்கிப் பார்த்தாலே பாதி வழக்கு முடிந்துவிடும்.

அடுத்தது கண்ணாடி ரப்பர். கம்பெனி டாப்பில் துணியை இழுத்து ஒட்டிய பிறகுதான் கண்ணாடி ஏறும். அதனால் துணியின் நுனி ரப்பருக்கு அடியில் போய் மடிந்திருக்கும். அவசரக் கடை வேலையில் ரப்பர் ஓரத்தோடு பிளேடு ஓடியிருக்கும். நல்ல கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிச் செய்வார் என்பதால் இந்தச் சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக்கூடாது. மூன்றாவது, கூரையும் தூணும் சேரும் இடம். அந்த இணைப்பில் ஈயம் ஊற்றித் தேய்த்து மட்டமாக்குவது அந்தக் கால வழக்கம். துணி மறைக்கப்போகிறது என்று தெரிந்தால் சில ஆலைகளில் அவ்வளவு பாடுபடமாட்டார்கள், அடியில் கரடு தெரியும். கடையில் மாட்டியதென்றால் அடியில் முழுப் பளபளப்போடு கம்பெனி பெயிண்டும், சொல்யூஷன் பிடிக்கட்டும் என்று வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்த கீறலும் இருக்கும். சில சமயம் அங்கே பட்டி இருக்கும், விரலளவு கனத்தில். அடிபட்ட கூரையை மறைக்க வினைலைவிட மலிவான போர்வை கிடையாது.

காகிதச் சாட்சி அமெரிக்க வண்டிகளுக்கு அமோகம். கிரைஸ்லர் வண்டியின் பானெட்டுக்குள் இருக்கும் தகட்டில் வி1எக்ஸ் என்று அடித்திருந்தால் கறுப்பு வினைல் கூரை. செவ்ரொலேயின் விருப்பப் பட்டியலில் அது சி08. ஃபோர்டின் 1967 முதலான உற்பத்திப் பதிவுகளை உரிமம் பெற்று வைத்திருக்கும் மார்ட்டி நிறுவனம், காசு கட்டினால் அந்த வண்டி எப்படி வெளியே வந்தது என்று எழுதித் தரும். தகட்டை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது, புதுத் தகடு அடித்துத் தருகிறவர்கள் அங்கேயும் உண்டு.

நம் பக்கம் நிலைமை வேறு. ஆர்.சி. புத்தகம் நிறத்தைச் சொல்லும், கூரைத் துணியைப் பற்றி மூச்சுவிடாது. சில வண்டிகளுக்கு மாடலே சாட்சி: பிரிட்டனில் 1973ல் வந்த ட்ரையம்ப் டோலமைட் ஸ்பிரிண்ட் கறுப்பு வினைலோடுதான் வரும், கேட்க வேண்டியதே இல்லை. அதே ட்ரையம்பின் ஹெரால்டை 1961 முதல் சென்னைக்கு வெளியே வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி தயாரித்தது. இரண்டு கதவு ஹெரால்டுக்கு ஒரு வசதி உண்டு: அதன் கூரை தனித் துண்டு, போல்ட்டில் நிற்கிறது. வினைல் போட்ட ஹெரால்டு கைக்கு வந்தால் போல்ட்டைக் கழற்றிக் கூரையைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்க்கலாம். ரிவிட்டின் வால் கீழ்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் பேச்சு முடிந்தது.

2021ல் மத்திய அரசு, 50 வருஷத்துக்கு மேலான, அசல் வடிவில் இருக்கும், பெரிய மாற்றம் செய்யாத இரண்டு, நான்கு சக்கர வண்டிகளுக்கு விண்டேஜ் பதிவு கொண்டுவந்தது. எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். பெரிய மாற்றம் என்று விதி சொல்வது சேசிஸ், பாடி, என்ஜின் விஷயங்களை. கூரைமேல் ஒட்டிய துணியால் தகுதி போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. அந்தத் துணியை மாட்டக் கூரையில் வரிசையாகப் போட்ட ஓட்டைகளைப் பற்றி ஆய்வாளர் என்ன நினைப்பாரோ, அது அவரவர் அதிர்ஷ்டம்.

கடை டாப்பு என்று முடிவானால் கிழித்து எறியச் சொல்வேன். பின் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் முதலில் கை வையுங்கள், தண்ணீர் தேங்கித் தகட்டை அரிப்பது அங்கேதான். ஓட்டைகளை வெல்டு வைத்து அடைத்து, பெயிண்டு அடித்துவிட்டால் வண்டி நிம்மதியாக மூச்சுவிடும். சித்திரை வெயிலில் சாத்தூர் ரோட்டில் கறுப்பு பிளாஸ்டிக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு போவதற்கு வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை. கம்பெனி டாப்பு என்றால் மட்டும் கிழித்து எறிந்துவிடாதீர்கள். துணி நைந்திருந்தால் அதே ரேகை, அதே தையல் வரிசையில் புதுத்துணி போடச் சொல்லுங்கள். பழசிலிருந்து ஒரு முழம் வெட்டி டிக்கியில் பத்திரமாக வையுங்கள், வண்டியை விற்கும் நாளில் வாங்க வருகிறவரிடம் காட்ட.