வெறி முறிக்கிற மருந்து: கள்ளுக்காலத்து வைத்தியமும் சாராயக்காலத்து ஈரலும்

நெல்லியடிப் பக்கம் ஒரு கலியாண வீட்டுக்கு அடுத்த நாள் காலமை போய்ப் பாருங்கள். வளவுக்குள் கதிரை அடுக்குவார்கள், கிடாரம் கழுவுவார்கள். திண்ணையில் ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பார். "தேசிக்காய்த் தண்ணிக்குள்ள உப்புப் போட்டுக் குடி, வெறி முறியும்" என்பா ஆச்சி. மோர்தான் நல்லது என்பா மாமி. பழஞ்சோத்துத் தண்ணி, இளநீர், மல்லித் தண்ணி, மிளகு ரசம் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்லுவினம். கடைசியாக ஒரு சித்தப்பா வந்து, "உதெல்லாம் சரிவராது, இன்னுமொரு கிளாஸ் விட்டால் எல்லாம் நிண்டிடும்" என்பார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாங்கள். ஆனால் ஒரு கேள்வியை நாங்கள் கேட்டதில்லை. இந்த மருந்துகள் எந்தக் குடிக்காக உருவானவை?

முட்டிக்குள் பூசிய சுண்ணாம்பு

வடமராட்சியில் குடி என்றால் நெடுங்காலமாகக் கள்ளுத்தான். பனம்பாளையைச் சீவி முட்டி கட்டினால் இறங்குவது இனிப்பான நீர். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினால் அது புளிக்காது. அதுதான் கருப்பநீர், அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு பூசாவிட்டால் காற்றிலும் பாளையிலும் முட்டியிலும் உள்ள மதுவம் உடனே வேலையைத் தொடங்கிவிடும். சில மணித்தியாலத்தில் அது கள்ளு. இன்னும் வைத்தால் வினாகிரி. ஒரே மரம், ஒரே நீர். குழந்தைக்கும் கொடுக்கலாமா கூடாதா என்பதைத் தீர்மானித்தது கொஞ்சச் சுண்ணாம்பு.

கள்ளில் மதுசாரம் ஏறக்குறைய 4 முதல் 6 வீதம். அதை நாட்கணக்கில் சேமித்து வைக்க முடியாது. பனையும் வருசம் முழுக்கக் கள்ளுத் தராது. அதாவது குடிக்கு மரமே ஓர் எல்லை போட்டிருந்தது.

ஆச்சியின் மருந்துகள் இந்த எல்லைக்குள் பிறந்தவை. மதுசாரம் சிறுநீரைக் கூட்டும், உடம்பின் நீரை இறக்கும், வயிற்றை எரிக்கும், சீனியைக் குறைக்கும். உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணியும் மோரும் நீரையும் உப்பையும் திருப்பிக் கொடுக்கும். இளநீரில் பொட்டாசியம் இருக்கிறது. பழஞ்சோறு பசி தீர்க்கும். இரண்டு பிளாக் கள்ளுக் குடித்தவருக்கு இவை போதும். ஆனால் இவை எதுவும் வெறியை 'முறிப்பதில்லை'. களைப்பை ஆற்றுகின்றன, அவ்வளவுதான். உலகளவிலும் இதே கதைதான். குடித்த மறுநாள் தலையிடிக்குச் சொல்லப்படும் மருந்துகள் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு கட்டுரை 2005இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்தது. நம்பத்தக்க சான்றுள்ள மருந்து ஒன்றுகூட இல்லை என்பதே அதன் முடிவு.

சித்தப்பாவின் 'இன்னுமொரு கிளாஸ்' வைத்தியமும் புதிதல்ல. சரக சம்கிதையின் சிகிச்சைப் பகுதியில் 24ஆம் அத்தியாயம் முழுவதும் மதாத்யயம் எனப்படும் குடிநோய் பற்றியது. முறைகெட்டுக் குடித்ததால் வந்த நோயை, அளவோடு கொடுக்கும் மதுவாலேயே தணிக்கலாம் என்ற எண்ணம் அதிலும் உண்டு. ஆனால் அது வைத்தியர் பக்கத்தில் இருந்து, உணவும் அளவும் பார்த்துச் செய்வது. திண்ணையில் நடப்பது அதுவல்ல. அந்தக் கிளாஸ் தலையிடியைப் பின்னேரத்துக்குத் தள்ளிப்போடுகிறது. காலமை கிளாஸ் இல்லாமல் கை நடுங்கத் தொடங்கினால், அது பழக்கத்தைத் தாண்டி நோயாகிவிட்டது.

போத்திலுக்குள் ஏழு போத்தில்

வடித்த சாராயம் இந்தக் கணக்கைக் குழப்பிவிட்டது. பிரித்தானியர் ஆட்சியில் சாராயமும் கள்ளும் அரசுக்கு வருமானம் தரும் குத்தகைப் பொருட்கள். 1912இல் மதுவரிச் சட்டம் வந்து தவறணைகள் பெருகியபோதுதான் இலங்கையின் மதுவிலக்கு இயக்கம் வேகம் எடுத்தது. யாழ்ப்பாணத்தில் அதற்கு முன்பே மிசனரிகளும் சைவர்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே பக்கம் நின்றார்கள். நாவலரின் நாலாம் பாலபாடத்தில் 'கள்ளுண்ணல்' தனிப் பாடமாகவே இருக்கிறது.

இதில் கசப்பான ஒரு பகுதியும் உண்டு. பழி பெரும்பாலும் விழுந்தது மரம் ஏறியவர்மேல். அவர் முற்றத்தில் குந்தியிருந்து கள்ளுக் குடித்த 'பெரிய' ஆட்கள், தங்கள் ஊர்த் தேநீர்க் கடைக்குள் அவரைச் சமமாக இருக்க விடவில்லை. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்தது. அதற்குப் பிறகும் தேநீர்க் கடைகளுக்குள் போகப் போராட்டம் நடத்தவேண்டி இருந்தது. மதுவிலக்குப் பேசிய பலர், சீவலை விட்டால் அந்தக் குடும்பம் என்ன செய்யும் என்று கேட்கவில்லை. பிற்காலத்துப் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களும் எங்களுக்குக் கிட்டவுள்ள திக்கம் வடிசாலையும் அந்தக் கேள்விக்குத் தேடிய பதில்கள்தான். பதிலுக்குள்ளும் சாராயம் இருந்தது என்பது வேறு கதை.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. 750 மில்லிலீற்றர் கள்ளில், 5 வீதம் என்று வைத்தால், தூய மதுசாரம் 38 மில்லிலீற்றர் அளவு. அதே போத்திலில் 35 வீதச் சாராயம் என்றால் 260 மில்லிலீற்றருக்கு மேல். கிட்டத்தட்ட ஏழு மடங்கு. ஈரல் ஒரு மணித்தியாலத்துக்குச் சுமார் 10 மில்லிலீற்றரைத்தான் எரிக்கும். அந்த வேகத்தைத் தேசிக்காயும் கூட்டாது, கோப்பியும் கூட்டாது, தலையில் ஊற்றுகிற தண்ணியும் கூட்டாது. இரவு பத்து மணிக்கு அரைப் போத்தில் சாராயம் முடித்தவருக்கு அடுத்த நாள் காலமை எட்டு மணிக்கும் வெறி முழுதாக இறங்கியிராது. "மோர் குடிச்சனான், முறிஞ்சிட்டுது" என்று சொல்லிக்கொண்டு அவர் பருத்தித்துறை வீதியில் மோட்டார் சைக்கிளை எடுக்கிறார்.

மருந்து கள்ளுக்காலத்திலேயே நிற்கிறது. குடி எங்கேயோ போய்விட்டது.

கீழ்க்காய்நெல்லியை நம்பிய மூன்று கிழமை

எங்கள் கூட்டத்தில் ஒருவரின் பெரியப்பாவுக்குக் கண் மஞ்சளானது. "செங்கமாரிதான், கீழ்க்காய்நெல்லி குடுங்கோ" என்றார்கள். பெரியம்மா விடிய எழும்பி வேலியோரம் பிடுங்கி, கழுவி, அரைத்து, மோரில் கரைத்துக் கொடுத்தா. மூன்று கிழமை. வயிறு வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஈரல் ஏற்கெனவே சுருங்கிப்போயிருந்தது. அவர் திரும்பி வரவில்லை.

கீழ்க்காய்நெல்லி வெறும் மூடநம்பிக்கை இல்லை. எங்கள் ஊரின் பெயரில் நிற்கிற நெல்லியும் அதுவும் தாவரவியலில் ஒரே பேரினம். 1988இல் சென்னையில் தியாகராஜன் குழுவினர் செய்த ஆய்வு லான்செட் இதழில் வெளியானது. ஹெப்பற்றைற்றிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களில் இந்த மூலிகையை எடுத்த 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்தது என்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னர் வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. அதோடு, அந்த ஆய்வு ஒரு வைரசைப் பற்றியது, குடியால் கெட்ட ஈரலைப் பற்றியது அல்ல. மஞ்சள் கண் ஒரு அறிகுறி. அதற்குப் பின்னால் நூறு காரணம் இருக்கலாம். கிருமியால் வருகிற செங்கமாரி பல பேருக்குத் தன்பாட்டிலேயே மாறிவிடும். பெயர் மூலிகைக்குப் போகும். குடியால் வருவது அப்படி மாறாது, குடியை விட்டாலொழிய.

விடுவதிலும் ஒரு எச்சரிக்கை. கனகாலம் நாளாந்தம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பும் பிதற்றலும் வரலாம், உயிரும் போகலாம். அதைப் பேய் பிடித்தது என்று நினைத்து நூல் கட்டப் போகாதீர்கள். வைத்தியசாலைக்குத்தான் போகவேண்டும். தலையிடிக்கென்று பரசிற்றமோலை அள்ளிப் போடுவதும் குடித்துக் களைத்த ஈரலுக்கு இன்னொரு அடி. கசிப்புக் குடித்தவருக்குப் பார்வை மங்கினால் மோர் கலக்கி நேரத்தை வீணாக்கவே கூடாது.

பாட்டி வைத்தியத்தைக் கேலி செய்ய நாங்கள் வரவில்லை. சித்த மருத்துவத்தை 1984 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கைதடியில் முறையாகப் படிப்பிக்கிறது. முறையாகப் படித்த வைத்தியர் நாடி பார்த்து, இரத்தம் சோதிக்க அனுப்பித்தான் மருந்து தருவார். வேலியோரத்து மூலிகைக்கும் அதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

நாங்கள் கேட்பது அந்த மோரைக் கலக்குகிற கையைப் பற்றி. குடிக்கிறவர் ஒருவர், விடிய எழும்பித் தேசிக்காய் பிழிபவரும், மூலிகை பிடுங்குபவரும், "வெறியிலை சொன்னதைப் பெரிசா எடுக்காத" என்று பிள்ளைகளை ஆற்றுபவரும் இன்னொருவர். பெரும்பாலும் அம்மா, ஆச்சி, பெரியம்மா. அவர்களின் பாட்டை ஒருவரும் வைத்தியம் என்று எழுதி வைக்கவில்லை. அந்தப் பெரியம்மா இன்றைக்கும், "நான் இன்னும் கொஞ்சம் வெள்ளெனக் குடுத்திருந்தால்" என்று தன்னையே குறை சொல்லுறா. அது உங்கட பிழை இல்லை பெரியம்மா என்று நாங்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். அவ இன்னும் நம்பவில்லை.