பிரஜாவுரிமை விண்ணப்பம் (மலையகத் தமிழர்)

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான தோட்டத் தமிழர், அக்கரப்பத்தனை போன்ற மலையக இடங்களில் தலைமுறையாக வாழ்ந்தும் இலங்கையராவதற்குச் செய்ய வேண்டியிருந்த மனு. 1949ஆம் ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டப்படி, 1946 ஜனவரி 1க்கு முன்பாக, மணமானவர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் தொடர்ந்து வதிந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. மனுச் செய்வதற்கான கெடு 1951 ஆகஸ்ட் 5. லயம் எனும் தோட்டக் குடியிருப்பு வரிசையில் பிறந்த பலருக்குப் பிறப்புச் சான்றிதழே இருக்கவில்லை. தோட்டத்து வரவுப் பதிவேடான செக்ரோலை நம்பினால், அதில் பேர் போடும் கணக்கப்பிள்ளை காதில் விழுந்தபடி எழுதிய பெயர் இடித்தது. மனு விசாரணைக்குப் போனால் அன்றைக்குப் பேர் விழவில்லை, கூலியும் இல்லை. பஸ் செலவு வேறு. உழைத்தவரையே ஆதாரம் கேட்டு அலைக்கழித்த சட்டம் இது. பின்னர் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் உரிமை வழங்கியது.