குருதிப் புற்றுநோயும் கண்களும்

லியூக்கேமியா எனும் குருதிப் புற்றுநோய் என்பு மச்சையில் தொடங்கினாலும் கண்ணையும் பாதிக்கும். குருதிச் சிறுதட்டுகள் குறைவதாலும் குருதிச்சோகையாலும் விழித்திரையில் குருதி கசிகிறது. சிலருக்குப் பார்வை மங்குவதே நோயின் முதல் அறிகுறி. நோய் கட்டுப்பட்டால் இக்கசிவுகள் பெரும்பாலும் மறைந்துவிடும்.

ஆனால் புற்றுக்கலங்கள் பார்வை நரம்பினுள் புகுந்தால் அவசர சிகிச்சை தேவை. தாமதித்தால் பார்வை மீளாது போகலாம்.

சிகிச்சையாலும் சிக்கல் வரலாம். ஸ்டீரோயிட் மருந்துகள் கண்புரையையும் கண் அழுத்தத்தையும் உண்டாக்கலாம். நோயெதிர்ப்பு குன்றும்போது கண்ணில் கிருமித்தொற்று ஏற்படலாம். பிறரின் என்பு மச்சையைப் பெற்றவர்களுக்குக் கடும் கண் வறட்சி வரலாம்.

தெல்லிப்பழையிலோ மகரகமையிலோ சிகிச்சை பெறுவோர், பார்வை மங்கினாலோ, கரும்புள்ளிகள் மிதந்தாலோ, உருவம் இரண்டாகத் தெரிந்தாலோ அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். சிறுபிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியாது. பெற்றோரே கவனிக்க வேண்டும்.